கரும்பலகையில் ஏறிய குப்பம்

பழவேற்காட்டைப் பற்றி எழுத வருகிறவர்கள் பூநாரையில் தொடங்குவார்கள். இல்லாவிட்டால் டச்சுக்காரர் கல்லறையில். எனக்கு அந்த ஊர் ஒரு ‘ற்’றில் தொடங்குகிறது.

ஊர்ப்பெயருக்கு அங்கே இரண்டு விளக்கங்கள் உலவுகின்றன. ஏரியோரச் சதுப்பில் வேர்கள் பின்னிக் கிடந்த பழைய காடு என்பது ஒன்று. வேல மரங்கள் நின்ற பழைய காடு என்பது இன்னொன்று. ஏரிக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை இந்த வழக்கைக் கரும்பலகையில் தீர்த்துவைத்ததைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். ‘வேர் + காடு’ என்று எழுதினார். ‘வேர்க்காடு’ என்றார்கள் பிள்ளைகள். ‘வேல் + காடு’ என்று எழுதினார். வகுப்பு தயங்கியது. “கல் கண்டு கற்கண்டு, பால் குடம் பாற்குடம்” என்று எடுத்துக்கொடுத்ததும் ‘வேற்காடு’ என்று ஒரே சத்தம். “நம்ம ஊர் போர்டுல எந்த ‘ர’ இருக்கு?” என்று கேட்டார். வல்லின ‘ற்’. வழக்கு முடிந்தது. திருவேற்காடும் இதே கணக்குதான் என்று ஒரு பையன் எழுந்து சொன்னான். அவன் அத்தை வீடு அங்கே இருக்கிறதாம்.

எழுத்து பின்னாளில் மாறியிருக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கலாம். பழைய கல்வெட்டு ஒன்றைக் கையில் கொண்டுவந்து கேட்டால் இன்னும் நல்லது.

நான் படித்த காலத்தில் புணர்ச்சி விதி என்பது இரண்டு மதிப்பெண். ‘பொற்குடம்’ பிரிப்போம், ‘மரவேர்’ பிரிப்போம். சொந்த ஊரின் பெயரைப் பிரித்துப் பார் என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. சொல் என்பது பாடப் புத்தகத்துக்குள் இருப்பது. கோனார் உரையில் அதற்குப் பொருள் இருப்பது. பாட்டுக்குக் கீழே ‘அருஞ்சொற்பொருள்’ என்று ஒரு பட்டியல் வரும். வீட்டில் வழங்கும் சொல் எதுவும் அந்தப் பட்டியலில் ஏறியதில்லை. வீட்டில் வழங்கினால் அது எப்படி அருஞ்சொல் ஆகும்?

வடசென்னையில் என்னோடு படித்த கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் தொல்லை. மரக்கலத்தின் வேறு பெயர்களைச் சொல் என்று வகுப்பில் ஒருநாள் கேள்வி. திமில், அம்பி, பஃறி, வங்கம், நாவாய் என்பது எதிர்பார்த்த விடை. குப்பத்துப் பையன் எழுந்து ‘கட்டுமரம்’ என்றான். அது கொச்சை, உட்கார் என்று பதில் வந்தது. அவன் அப்பா அன்று காலையில் கடலுக்குப் போனதே அந்தக் கொச்சையின் மேல்தான். அதே கட்டுமரம் 1697இலேயே வில்லியம் டாம்பியரின் பயண நூல் வழியாக ஆங்கில அச்சில் ஏறி, பிறகு அவர்களுடைய அகராதிகளில் நிரந்தர இடம் பிடித்துக்கொண்டது. வகுப்பில் இருந்த எங்களுக்கு அப்போது இது தெரியாது. வாத்தியாருக்கும் தெரிந்திருக்காது என்றே வைத்துக்கொள்கிறேன்.

அதற்கும் முந்தைய காலத்துக்குப் போனால், பழவேற்காட்டில் உட்கார்ந்து சொல் கற்றவர் என்று பெயரோடு நமக்குக் கிடைக்கும் ஒருவர் வெளிநாட்டுக்காரர். 1610இல் இங்கே பண்டகசாலை போட்ட டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினார்கள். அங்கே 1632 முதல் பத்தாண்டு பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரொஜேரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் இந்த நாட்டுச் சமயத்தையும் வழக்கங்களையும் கேட்டுக் கேட்டு எழுதிவைத்தார். வடமொழிக் கவி பர்த்ருஹரியின் பாடல்களையும் அவர் வழியாகவே டச்சு மொழிக்குக் கொண்டுபோனார். ரொஜேரியஸ் இறந்தபின் 1651இல் லைடன் நகரில் அந்த நூல் அச்சானது. வடமொழி இலக்கியம் ஐரோப்பிய மொழி ஒன்றில் அச்சேறிய முதல் நிகழ்ச்சி என்று அதைச் சொல்வார்கள். கற்பித்தவரும் கற்றவரும் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள்? டச்சும் இல்லை, தமிழும் இல்லை; போர்த்துக்கீசியம். அன்றைக்குக் கிழக்குக் கரையின் துறைமுகப் பேச்சு அதுதான்.

குப்பத்துப் பிள்ளை இந்தக் கதையில் எங்கும் இல்லை. ஊர்த் திண்ணைகளில் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்து ஒரு பொருளுக்குப் பத்துப் பெயர் அடுக்கிய பிள்ளைகள் வேறு வீட்டுப் பிள்ளைகள். வலை வீட்டுக்குத் திண்ணை எட்டாத உயரம். அவர்களுடைய சொற்கள் வேலையோடு வந்தன. சுத்து வலை எது, பாடி வலை எது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. கழி நடும்போது பிடித்துக்கொண்டு நின்ற பையனுக்குத் தானாகத் தெரிந்தது. வடக்கிலிருந்து வருவதால் வாடை, நீரைக் கொண்டு வருவதால் கொண்டல். காற்றுக்குப் பெயர் தெரியாதவனைப் படகில் ஏற்றமாட்டார்கள்.

இந்த ஏரியின் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது ‘பாடு’. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல மீன்பிடி இடங்களை எல்லாரும் ஒரே நேரத்தில் மொய்க்காமல், முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாட்டுக்குப் பெயர் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களின் பெயர் இதில் அடிபடும். தலைக்கட்டாகச் சேர்க்கப்பட்ட ஆணுக்குப் பாட்டில் பங்கு உண்டு. இன்று உன் பாடு, நாளை என் பாடு. பொதுச் சொத்தைச் சண்டையில்லாமல் ஆள்வது எப்படி என்று உலகம் முழுக்க ஆராய்கிறவர்கள் இந்தப் பாட்டை எடுத்துக்காட்டாக எழுதியிருக்கிறார்கள்.

இலக்கண வகுப்பில் ‘முதனிலை திரிந்த தொழிற்பெயர்’ என்று ஒன்று படித்திருப்பீர்கள். கெடு–கேடு, சுடு–சூடு, பெறு–பேறு. அந்த வரிசையில் நிற்பதுதான் படு–பாடு. அகராதியைத் திறந்தால் பாட்டுக்கு முறை என்று ஒரு பொருள், பங்கு என்று ஒரு பொருள், கிடைத்தது என்று ஒரு பொருள், வருத்தம் என்று ஒரு பொருள். நான்கும் ஏரியில் ஒரே நாளில் நடந்து முடியும்.

இன்றைக்கு வருவோம்.

குப்பத்துப் பிள்ளைகள் இன்று பள்ளிக்குப் போகிறார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது வரை போகிறார்கள். பாடப் புத்தகமும் மாறியிருக்கிறது. பாடத்தின் கடைசியில் ‘கலைச்சொல் அறிவோம்’ என்று ஒரு பகுதி. பத்தாம் வகுப்புத் தமிழில் முதல் இயலிலேயே தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்ச்சொல் வளம்’. மாம்பிஞ்சு வடு, பலாப்பிஞ்சு மூசு, வாழைப்பிஞ்சு கச்சல், தென்னைப்பிஞ்சு குரும்பை. நெல்லின் அடி தாள், கீரையின் அடி தண்டு, கரும்பின் அடி கழி, மூங்கிலின் அடி கழை. எங்கள் கோனார் உரைக் காலத்தில் இப்படி ஒரு பாடம் இருந்திருந்தால் எத்தனை பேர் தமிழோடு ஒட்டியிருப்பார்கள் என்று தோன்றும்.

ஆனால் கவனியுங்கள், அந்த வளம் முழுக்க வயலும் தோப்பும். கட்டுரை அதற்காகவே எழுதப்பட்டது, அதில் குறையில்லை. கடலுக்கும் இப்படி ஒரு பட்டியல் உண்டு என்பதைப் பழவேற்காட்டுப் பிள்ளையிடம் புத்தகம் சொல்லவில்லை. ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். நான் பார்த்த ஆசிரியை சொன்னார். பாடம் முடிந்ததும் எல்லாரையும் வீட்டிலிருந்து ஒவ்வொரு மீன் பெயர் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் பலகை நிரம்பியது: மடவை, கொடுவா, காலா, கிழங்கான், கெளுத்தி, கத்தலை, கானாங்கத்தை.

‘கானாங்கத்தை’ என்று எழுதிய பெண் பாதியில் சாக்பீஸை நிறுத்தினாள். எழுத்து நடையில் கானாங்கெளுத்தி என்று எழுத வேண்டுமோ என்ற சந்தேகம். எழுபதுகளில் என் வகுப்பாக இருந்திருந்தால் அடித்துத் திருத்தியிருப்பார்கள். இந்த மீனின் அறிவியல் பெயர் ‘ராஸ்ட்ரெல்லிகர் கனகுர்த்தா’. அந்தக் கனகுர்த்தா ஏரிக்கு அந்தப் பக்கத்துத் தெலுங்குப் பெயர். விசாகப்பட்டினத்து மீன்களைப் படத்தோடு 1803இல் வெளியிட்ட பாட்ரிக் ரஸ்ஸல், கரையில் மக்கள் சொன்ன பெயரையே எழுதிவைத்தார். 1816இல் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே அதை அறிவியலுக்கு எடுத்துக்கொண்டார். கத்தலைக்கும் அப்படித்தான். ‘ஜானியஸ் கருத்தா’ என்று ஒரு கத்தலை. ஜான் என்பவர் மீன்களைப் பிடித்து பெர்லினில் இருந்த மீன் ஆய்வாளர் பிளாக்குக்கு அனுப்பிய தரங்கம்பாடி மிஷனரி. ‘கருத்தா’ யார்? கருத்த கத்தலைதான். 1793 முதல் உலகத்தின் எல்லா மீன் பட்டியலிலும் அந்தத் தமிழ்ச் சொல் இருக்கிறது. இன்னொரு வகைக்கு ‘கத்தாலா’ என்றே 1969இல் பேரினப் பெயர் வைத்துவிட்டார்கள். குப்பத்தில் கொச்சை, லத்தீனில் சாஸ்திரம்.

மீன் என்ற சொல்லையே மின் என்பதிலிருந்து பிறந்தது என்று நம் பள்ளிகளில் சொல்லித் தருகிறோம். மின்னுவதால் மீன், வானத்தில் மின்னுவது விண்மீன். காலைவெயிலில் கூடையைக் கவிழ்க்கும்போது பார்த்தவர்களுக்கு இதில் ஐயமே வராது. ஆனால் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி நீந்தும் மீனைத் தனிப் பதிவாக வைத்திருக்கிறது; விண்மீனை மட்டும் மின்னோடு சேர்க்கிறது. பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லிவிடலாம். சொல்லாராய்ச்சியில் அழகாக இருப்பது எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. வாட்ஸப்பில் நாள் தவறாமல் வரும் ‘உலகத்துச் சொல்லெல்லாம் நம்முடையதே’ வகையறாவுக்கு இது ஒரு மாற்று மருந்தாகவும் இருக்கும்.

வாட்ஸப்பை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பழவேற்காட்டுக்கு வடக்கே கரிமணல் என்று ஒரு சிற்றூர். ‘கோரமண்டல்’ என்ற பெயரே அதிலிருந்துதான் வந்தது என்று சென்னையில் இருந்த வெள்ளைக்காரர்கள் வெகுநாள் நம்பினார்கள். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி அதை ஏற்கவில்லை. சோழமண்டலம் என்ற பக்கமே நின்றது.

பழவேற்காடு என்ற பெயரும் வாய்க்கு வாய் மாறித்தான் ஊர் சுற்றியது. வெள்ளைக்காரர் நாக்கில் அது கடைசியில் புலிக்காட் ஆனது. ‘புலி எங்கே சார்?’ என்று கேட்காத மாணவன் இல்லை. இங்கிருந்து கப்பலேறிய கட்டம்போட்ட துணி மலாய் நாடுகளில் ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது; மலேசியாவில் சாரத்துக்கு இன்றும் ‘கைன் பெலிக்காட்’. நம் ஊர் ஜவுளிக்கடையில் ‘பளையக்காட் கைலி’ என்று கேட்டு வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அது சென்னையிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒரு குப்பத்து ஊர் என்று தெரியும்?

காலை ஏலத்தை ஒருநாள் பார்த்துக்கொண்டு நின்றேன். இறால் கூடை இறங்கியதும் விலை கூவுகிறார்கள். ஐம்பது ஐம்பதாக ஏறுகிறது. பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி, மீன் வாங்க வந்த பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஆயா, ஏலம்னா தமிழ் இல்லியாம். டீச்சர் சொன்னாங்க.”

“பின்ன இன்னாவாம்?”

“போர்ச்சுகீஸாம்.”

“யார் வூட்டுதா இருந்தா இன்னாடி, மீன் வெல எறங்கவா போவுது?”

பேத்தி சொன்னது சரி. அரபியிலிருந்து போர்த்துக்கீசியத்துக்குப் போன ‘லெய்லாவ்’ இங்கே ஏலமாகவும் இந்தோனேசியாவில் ‘லெலாங்’ ஆகவும் இறங்கியது. போர்த்துக்கீசியர் 1502இல் இந்த ஊருக்கு வந்தவர்கள்; மகிமை மாதா கோவிலின் தொடக்கத்தை 1515 என்று சொல்கிறார்கள். வகுப்பறையில் கண்ணைச் சுழற்றினால் சன்னல், மேசை, அலமாரி, சாவி, பேனா என்று அத்தனையும் அவர்கள் சொத்து. அவர்களுக்குப் பின் இரண்டு நூற்றாண்டு இருந்த டச்சுக்காரர்கள் எழுத்துப் பொறித்த கல்லறைகளை விட்டுப்போனார்கள், அதைப் படிக்க இங்கே ஆள் இல்லை. தமிழுக்கு அவர்கள் மொழி கொடுத்தவற்றில் எல்லாருக்கும் தெரிந்தவை இரண்டு: துட்டு, கக்கூஸ்.

ஆயா என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வடதமிழ்நாட்டில் பாட்டியை ஆயா என்பது தாய் என்று பொருள்படும் ‘ஆய்’ வழி வந்தது, நம்முடையது. பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஆயா போர்த்துக்கீசிய ‘ஐயா’விலிருந்து ஆங்கிலேயர் வீடுகள் வழியாக வந்தவர். இரண்டு ஆயாக்களுக்கும் சொந்தமில்லை.

சொற்பிறப்பு இந்தப் பிள்ளைகளுக்கு வேறு விதத்திலும் உதவும். நகரத்துப் பள்ளிக்குப் போகும் குப்பத்துப் பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே ஒரு கேலி காத்திருக்கும்: குப்பம், குப்பை. இதற்கு அகராதியில் பதில் இருக்கிறது. இரண்டும் ஒரே வேர்தான், மறைக்க வேண்டியதில்லை. குவிந்து கிடப்பது குப்பை. பழந்தமிழில் நெற்குவியலும் குப்பை, உப்புக் குவியலும் குப்பை. வேண்டாததற்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது பிந்தைய கதை. வீடுகள் நெருங்கிக் குவிந்த ஊர் குப்பம். கேலி செய்கிறவனிடம் ‘உங்கள் களத்து மேட்டிலும் ஒரு காலத்தில் குப்பைதான் இருந்தது, தெரியுமா?’ என்று கேட்கச் சொல்லித் தரலாம்.

இதற்குள் ஒரு முரண் வந்து நிற்கிறது. பள்ளி கடைசியில் குப்பத்துச் சொல்லைப் பலகையில் ஏற்றும் நேரத்தில், குப்பத்தில் அந்தப் பொருள்கள் போய்க்கொண்டிருக்கின்றன. நைலான் வலை வந்ததும் நூல் முறுக்குவதும் வலைக்குச் சாயம் காய்ச்சுவதும் போயின. அந்த வேலையின் சொற்களும் போயின. 2004 சுனாமிக்குப் பின் ஃபைபர் படகு கரையெல்லாம் நிரம்பியது. கட்டுமரம் ஆங்கிலத்துக்குக் கொடுத்த சொல் எது என்று வினாடி வினாவில் கேட்டால் கை தூக்கும் பிள்ளை, கட்டுமரத்தில் ஏறியிருக்கமாட்டான். ஆங்கிலம் இன்று அந்தப் பெயரில் அழைப்பதோ இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகை. காற்றின் பெயர் தெரியாவிட்டாலும் இன்று குடி முழுகிவிடாது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல் அறிவிப்பு போனுக்கு வந்துவிடுகிறது. ‘மீனவர் நண்பன்’ செயலியில் காற்று எத்தனை கிலோமீட்டர், அலை எத்தனை மீட்டர் என்று போட்டுவிடுகிறார்கள். உயிர் காக்கிறது, நல்லதுதான். கொண்டலுக்கு அதில் வேலை இல்லை.

ஏரிக்கும் புதுச் சொற்கள் சேர்ந்திருக்கின்றன. எதிர்க்கரையில் ஸ்ரீஹரிகோட்டா, ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்பதால் ‘கவுன்ட்டவுன்’ பாட்டிகளுக்கும் தெரியும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கப் பேச்சு வந்த பிறகு ‘சி.ஆர்.இசட்.’ (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்), ‘இ.ஐ.ஏ.’ (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு), ‘கருத்துக் கேட்புக் கூட்டம்’ எல்லாம் குப்பத்துப் பெண்கள் வாயில் சரளம். புவியியல் புத்தகம் காயல் என்கிறது, ஊர் ஏரி என்கிறது. பாடத்தில் கழிமுகம், படகில் முகத்துவாரம். மணல் அடைத்துக்கொண்டால் எந்தப் பெயரில் சொன்னாலும் படகு வெளியே போகாது.

பாவாணர் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலி 1974இல் திட்டமாகி, 1985இல் முதல் தொகுதி வந்து, 2011இல் 31 பகுதிகளாக நிறைவடைந்தது. ஒரு மொழி தன் சொற்களை எண்ணி முடிக்க அத்தனை காலம் ஆகிறது. கரிசலுக்குக் கி. ராஜநாராயணன் 1982இல் ஒரு வட்டாரச் சொல்லகராதி செய்தார். கொங்குக்குப் பெருமாள்முருகன் 2000இல் செய்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடல் வழக்கு ஜோ டி குரூஸின் நாவல்களில் ஏறியிருக்கிறது. பழவேற்காட்டின் தமிழும் தெலுங்கும் கலந்த ஏரி வழக்குக்கும் ஒரு தனிப் புத்தகம் வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகம் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பது என் கட்சி.

சதுரகராதி தந்த வீரமாமுனிவர் பிறந்த நவம்பர் 8ஐத் தமிழ் அகராதியியல் நாளாக அரசு அறிவித்திருக்கிறது. பழவேற்காட்டைச் சுற்றியுள்ள பள்ளிகளின் தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த ஆண்டு அன்றைக்குப் பேச்சுப் போட்டி வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, அவர் இன்று பயன்படுத்தாத ஐந்து சொற்களை எழுதிக்கொண்டு வரட்டும். சொன்னவரின் ஊரும் வயதும் பக்கத்தில் இருக்கட்டும். எழுத்துப் பிழையைத் திருத்தாமல் அப்படியே வாங்கி வையுங்கள்.